இ.டி.எம் விழாக்கள் கைமாறும்போது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வருடா வருடம் போய்க்கொண்டிருக்கும் ஒரு மின்னணு நடன இசை விழாவை ஏதோ ஒரு பெரிய கம்பெனி வாங்கிவிட்டது என்று செய்தி வந்தால், ரசிகர்களுக்கு உடனே வருவது ஒரே பயம்தான்: இனி இது பழையபடி இருக்குமா? இந்த வாங்கல் விற்றல் கதைகளைப் பல வருடங்களாகத் தொடர்ந்து பார்த்து வருகிறேன். நண்பர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை ஒரே இடத்தில் சேர்த்திருக்கிறேன். யார் வாங்கினார் என்பதைவிட, யாருடைய பணத்தில், எவ்வளவு கடன் வைத்து வாங்கினார் என்பதுதான் முக்கியம் என்பது என் கருத்து. கீழே உள்ள பதில்களில் அது அடிக்கடி தலைகாட்டும்.

ப்ரோமோட்டர் என்பவர் யார்?

விழாவை நடத்துபவர். இடம் பிடிப்பது, அனுமதி வாங்குவது, டிஜேக்களுக்கு முன்பணம் கொடுப்பது, மேடை, ஒலி, ஒளி, காவலர், மருத்துவக் குழு, கழிப்பறை என்று எல்லாவற்றுக்கும் முதல் போடுவது, டிக்கெட் விற்பது எல்லாம் அவர் வேலை. லாபம் வந்தாலும் அவருக்கு, மழை பெய்தாலும் அவருக்கு. மேடையில் நிற்கும் டிஜே தன் சம்பளத்தைப் பெரும்பாலும் முன்கூட்டியே வாங்கிவிடுவார். கூட்டம் வராவிட்டால் கையைச் சுட்டுக்கொள்வது ப்ரோமோட்டர்தான்.

அப்படியானால் அந்தக் கம்பெனியை வாங்குபவருக்கு என்ன கிடைக்கிறது?

கையில் தொட்டுப் பார்க்கும்படி அதிகம் எதுவும் கிடைக்காது. மைதானம் வாடகைக்கு எடுத்தது. மேடை, ஒலிபெருக்கி எல்லாம் வேறு கம்பெனிகளுடையவை. டிஜேக்கள் யாருக்கும் சொந்தமில்லை. மிஞ்சுவது விழாவின் பெயர், லோகோ, டிக்கெட் வாங்கியவர்களின் மின்னஞ்சல் பட்டியல், நகராட்சியோடும் காவல்துறையோடும் பல வருடம் பழகிச் சம்பாதித்த நம்பிக்கை, அப்புறம் அந்த விழாவை நடத்தத் தெரிந்த ஏழெட்டுப் பேர். அந்த ஏழெட்டுப் பேர் வெளியே போய்விட்டால் வாங்கியவர் கையில் வெறும் பெயர்ப் பலகைதான் நிற்கும்.

இதனால்தான் இந்தத் துறையில் ஒப்பந்தங்கள் விசித்திரமாக இருக்கின்றன. கம்பெனியை விற்றவரே அடுத்த மூன்று, நான்கு வருடங்களுக்கு அதே நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்க வேண்டும் என்று எழுதி வாங்கிவிடுகிறார்கள்.

இந்த வாங்கும் அலை எப்போது தொடங்கியது?

பெரிய அளவில் என்றால் 2012-ல். அதற்கு முந்தைய சில வருடங்களில் அமெரிக்க இளைஞர்களிடம் இந்த இசை திடீரென்று பரவியது. எலெக்ட்ரிக் டெய்சி கார்னிவல் என்ற விழா 2011-ல் லாஸ் ஏஞ்சலிஸை விட்டு லாஸ் வேகாஸ் கார் பந்தய மைதானத்துக்குப் போய், சில வருடங்களில் ஒரு நாளைக்கு லட்சத்துக்கு மேல் கூட்டத்தைச் சேர்த்தது. சேமிப்புக் கிடங்குகளில் இரவோடு இரவாகப் பார்ட்டி நடத்திப் பழகிய ஆட்களின் கையில் திடீரென்று பெரிய வியாபாரம் இருந்தது. கணக்கு வழக்கு ஒழுங்காக இல்லாத, நூறு சிறு முதலாளிகளாகச் சிதறிக் கிடந்த துறை. சிதறிக் கிடப்பதை ஒன்றாகச் சேர்த்து விற்றால் லாபம் என்று கணக்குப் போடத் தெரிந்தவர்களின் கண்ணில் அது பட்டுவிட்டது.

2012-ல், கச்சேரிகள் நடத்தும் அமெரிக்கப் பெரு நிறுவனமான லைவ் நேஷன், பிரிட்டனின் க்ரீம்ஃபீல்ட்ஸ் விழாவை நடத்தும் க்ரீம் கம்பெனியையும், லாஸ் ஏஞ்சலிஸின் ஹார்ட் ஈவென்ட்ஸையும் வாங்கியது. அதே வருடம் ராபர்ட் சில்லர்மேன் என்ற நியூயார்க் தொழிலதிபர், இந்தத் துறைக் கம்பெனிகளை வாங்க 100 கோடி டாலர் செலவிடப் போவதாக அறிவித்தார்.

சில்லர்மேன் யார்? அவருக்கு இந்த இசை தெரியுமா?

இசையைவிடக் கம்பெனிகளைச் சேர்த்துக் கோத்து விற்பது அவருக்கு நன்றாகத் தெரியும். வானொலி நிலையங்களை வாங்கி விற்றுப் பணம் பண்ணியவர். 1990-களின் பிற்பாதியில் எஸ்எஃப்எக்ஸ் என்ற பெயரில் அமெரிக்காவின் ராக் கச்சேரி ப்ரோமோட்டர்களை ஒவ்வொருவராக வாங்கினார். அதுவரை ஒவ்வொரு நகரத்திலும் ஒரு ஆள் குறுநில மன்னர் மாதிரி இருந்தார். அவர்களை எல்லாம் ஒரே குடைக்குள் கொண்டுவந்து, 2000-ல் கடனையும் சேர்த்துச் சுமார் 440 கோடி டாலருக்கு க்ளியர் சேனல் என்ற வானொலி நிறுவனத்திடம் விற்றார். அந்தப் பிரிவுதான் 2005-ல் தனியாகப் பிரிந்து, இன்று நாம் பார்க்கும் லைவ் நேஷன் ஆனது.

ஆகவே 2012-ல் அவர் பழைய பெயரையே தூசி தட்டி எடுத்து, அதே வித்தையை மறுபடி செய்யப் போகிறேன் என்றபோது பலர் நம்பினார்கள். ஒருமுறை ஜெயித்த குதிரை அல்லவா.

எஸ்எஃப்எக்ஸ் எதையெல்லாம் வாங்கியது?

முதலில் வந்தவர் நியூ ஆர்லியன்ஸ்காரரான டிஸ்கோ டானி என்ற ப்ரோமோட்டர். ரேவ் எனப்படும், விடிய விடிய ஆடும் நடனப் பார்ட்டிகளை நடத்தியதற்காக 2001-ல் அமெரிக்க அரசே வழக்குப் போட்ட மனிதர் அவர். போதைப்பொருள் பதுக்கும் வீடுகளுக்காகக் கொண்டுவந்த சட்டத்தை அவர் மேல் பாய்ச்சினார்கள். பத்துப் பதினோரு வருடம் கழித்து அதே மனிதரின் கம்பெனி, பங்குச் சந்தைக்குப் போகும் நிறுவனத்தின் முதல் செங்கல் ஆனது. இந்தத் துறை எவ்வளவு வேகமாக வேடம் மாறியது என்பதற்கு எனக்கு இதைவிட நல்ல உதாரணம் தெரியாது.

அப்புறம் வண்ணச் சாயம் தெளிக்கும் லைஃப் இன் கலர், டிஜேக்கள் பாடல் வாங்கும் பீட்போர்ட் தளம், நியூயார்க்கின் எலெக்ட்ரிக் ஸூ, சிகாகோவின் ரியாக்ட், ஜெர்மனியில் மேடே, நேச்சர் ஒன் விழாக்களை நடத்தும் ஐ-மோஷன், ஆஸ்திரேலியாவின் ஸ்டீரியோசோனிக், நெதர்லாந்தின் அவேக்கனிங்ஸ். எல்லாவற்றுக்கும் மேலாக, சென்சேஷன், மிஸ்டரிலேண்ட், தண்டர்டோம் என்று 1990-களிலிருந்தே ஐரோப்பிய நடன இசைக்கு முகம் கொடுத்த ஐடி அண்ட் டி. இரண்டு வருடத்துக்குள் இத்தனையும். டிக்கெட் விற்கும் கம்பெனிகள் தனி.

இதற்கெல்லாம் பணம் எங்கிருந்து வந்தது?

கேட்க வேண்டிய கேள்வி இதுதான். மூன்று இடங்களிலிருந்து. 2013 அக்டோபரில் நாஸ்டாக் என்ற அமெரிக்கப் பங்குச் சந்தையில் ஒரு பங்கு 13 டாலர் என்று 2 கோடிப் பங்குகளை விற்று 26 கோடி டாலர் திரட்டினார்கள். முதல் நாளே விலை 13-க்குக் கீழே போனது. அடுத்து கடன். 2014-ல் ஒன்பதரை சதவீதத்துக்கும் மேல் வட்டியில் 22 கோடி டாலருக்குக் கடன் பத்திரங்கள் வெளியிட்டார்கள். மூன்றாவது, தங்கள் சொந்தப் பங்குகள். விற்க வந்த ப்ரோமோட்டரிடம் பாதி ரொக்கம், பாதி எங்கள் பங்கு என்று பேரம் பேசினார்கள்.

வட்டியை மட்டும் கணக்குப் பாருங்கள். 22 கோடிக்கு வருடம் 2 கோடி டாலருக்கு மேல். மழை வந்தாலும் வராவிட்டாலும் கட்டியாக வேண்டும். விழா நடத்தும் தொழிலில் வரும்படி வருடத்தில் சில வார இறுதிகளில் மட்டுமே வருகிறது. வட்டியோ தேதி தவறாமல் வந்து நிற்கிறது.

விழாக்களில் கூட்டம் நிறைந்துதானே இருந்தது? பின் ஏன் நஷ்டம்?

கூட்டமும் லாபமும் ஒன்றில்லை. ஒரு கற்பனைக் கணக்கு சொல்கிறேன். 30,000 டிக்கெட் விற்றால் போட்ட முதல் திரும்பும் என்று வைத்துக்கொள்வோம். மேடை, டிஜே, பாதுகாப்பு என எல்லாச் செலவும் முன்பே முடிந்துவிட்டது. 28,000 பேர் வந்தால் மைதானம் நிரம்பித்தான் தெரியும், புகைப்படங்கள் அழகாக இருக்கும், ஆனால் நஷ்டம். 33,000 பேர் வந்தால் அந்தக் கடைசி 3,000 பேரின் பணம்தான் லாபம். இவ்வளவு மெல்லிய நூலில்தான் நல்ல விழாக்களே நடக்கின்றன.

இதே சமயத்தில் டிஜேக்களின் சம்பளம் எகிறியது. லாஸ் வேகாஸ் கிளப்புகள் பெரிய பெயர்களை வருட ஒப்பந்தத்தில் பிடித்துப் போட்டன. லைவ் நேஷனும் எஸ்எஃப்எக்ஸும் ஒரே இருபது முப்பது பேருக்காக ஒருவர் மேல் ஒருவர் விலை ஏற்றினார்கள். பத்து விழாக்களைச் சேர்த்து வாங்கினால் டிஜேவிடம் மொத்தமாகப் பேரம் பேசலாம் என்பதுதான் சேர்ப்பதற்குச் சொன்ன காரணம். நடந்தது நேர் எதிர்.

ஒவ்வொரு கம்பெனியும் தன் வழியில் இயங்கிக்கொண்டிருந்தது என்பது இன்னொரு சிக்கல். ஆம்ஸ்டர்டாமில் இருப்பவருக்கும் சிகாகோவில் இருப்பவருக்கும் ஒரே கணக்கு முறை, ஒரே டிக்கெட் தளம் என்று கொண்டுவருவதற்குள் பணம் தீர்ந்துவிட்டது. அகலக்கால் வைத்தார்கள் என்பதைத் தவிர வேறு சொல் தோன்றவில்லை.

டுமாரோவேர்ல்டில் என்ன நடந்தது?

பெல்ஜியத்தின் டுமாரோலேண்டை மாதிரியாக வைத்து, ஜார்ஜியா மாநிலத்தில் அட்லாண்டாவுக்கு வெளியே சட்டஹூச்சி ஹில்ஸ் என்ற இடத்தில் எஸ்எஃப்எக்ஸ் 2013 முதல் நடத்திய விழா அது. 2015 செப்டம்பர் கடைசியில் மூன்றாவது வருடம். மழை விடாமல் பெய்தது. விழா நடக்கும் பண்ணை நிலமும், உள்ளே போகும் குறுகிய சாலைகளும் சேறாகிவிட்டன. சனிக்கிழமை இரவு ஆட்டம் முடிந்து வெளியே வந்த ஆயிரக்கணக்கானவர்களுக்குப் பேருந்து வரவில்லை, டாக்சி உள்ளே நுழைய முடியவில்லை.

இரவு இரண்டு மணி, மூன்று மணிக்கு இருட்டில், மழையில், கிராமத்துச் சாலையோரமாகப் பல மைல் நடந்தார்கள். சிலர் செருப்பைச் சேற்றில் விட்டுவிட்டு வெறுங்காலோடு. பலர் நடக்க முடியாமல் சாலை ஓரத்திலேயே ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து தூங்கினார்கள். விடியும்போது எடுத்த படங்களில் ஈரத் துணிகளோடு புல்லில் சுருண்டு கிடக்கும் இருபது வயதுப் பிள்ளைகளைப் பார்த்தபோது, ஒரு வருடம் காசு சேர்த்து வந்தவர்கள் ஆயிற்றே என்று மனசு கனத்துப் போனது. ஞாயிற்றுக்கிழமை, முகாமில் தங்கியிருந்தவர்களுக்கு மட்டும் விழா என்று அறிவித்து, மற்ற டிக்கெட்காரர்களை வர வேண்டாம் என்றார்கள்.

மழையை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் சேற்றில் வண்டி போக முடியாவிட்டால் மாற்று வழி என்ன, எத்தனை பேருக்கு இரவு ஒதுங்க இடம் வேண்டும் என்பதெல்லாம் பணம் போட்டு முன்கூட்டியே செய்து வைக்க வேண்டிய வேலைகள். பெரும்பாலான வருடங்களில் அந்த ஏற்பாடுகள் பயன்படவே பயன்படா. பணம் இறுகும்போது முதலில் வெட்டத் தோன்றுவது இப்படிப்பட்ட செலவுகளைத்தான். அந்த விழா மறுபடி நடக்கவில்லை.

எஸ்எஃப்எக்ஸ் முடிவு எப்படி வந்தது?

2015 தொடக்கத்தில் சில்லர்மேன், கம்பெனியை நானே திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்றார். பங்குக்கு 4.75 டாலர், பிறகு 5.25 டாலர் என்றார். ஆகஸ்டில் அந்தத் திட்டம் கவிழ்ந்தது. விலை சில சென்ட்களுக்குச் சரிந்தது. 2016 பிப்ரவரி 1-ஆம் தேதி திவால் மனு. கடன் கொடுத்தவர்கள் கம்பெனியைக் கையில் எடுத்துக்கொள்ள, பங்கு வைத்திருந்தவர்களுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. ஆஸ்திரேலியாவின் ஸ்டீரியோசோனிக் அந்த வருடமே நின்றது. டிசம்பரில் மிச்சமிருந்தவை லைவ்ஸ்டைல் என்ற புதுப் பெயரோடு வெளியே வந்தன. சில்லர்மேன் 2019-ல் காலமானார்.

விற்ற ப்ரோமோட்டர்கள் பணக்காரர் ஆனார்களா?

ரொக்கம் வாங்கியவர்கள் தப்பித்தார்கள். பங்கு வாங்கியவர்களின் நிலையைக் கற்பனையாக ஒரு கணக்கில் பார்க்கலாம். கம்பெனியை 1 கோடி டாலருக்கு விற்கிறீர்கள். 50 லட்சம் ரொக்கம், 30 லட்சம் பங்காக, மீதி 20 லட்சம் அடுத்த மூன்று வருட லாபத்தைப் பார்த்துத் தரப்படும். 13 டாலர் விலையில் கொடுத்த பங்கு 1 டாலருக்கு வந்தால் அந்த 30 லட்சம் சுமார் 2 லட்சத்து 30 ஆயிரம். திவாலானால் அதுவும் இல்லை. லாபத்தைப் பார்த்துத் தரும் 20 லட்சத்துக்கோ நீங்களும் கடன்காரர் வரிசையில் நிற்க வேண்டும்.

இதில் இன்னொரு வலி இருக்கிறது. இருபது வருடம் உங்கள் பேச்சுக்கு நகர்ந்த கம்பெனியில், ஒரு தற்காலிகக் கழிப்பறை கூடுதலாக வைக்க வேறொரு ஊரில் இருக்கும் நிதி அதிகாரியிடம் அனுமதி கேட்க வேண்டும். விற்றபின் பேட்டி கொடுக்கும் ப்ரோமோட்டர்கள் பணத்தைப் பற்றிப் புலம்புவதைவிட இப்படிப்பட்ட விஷயங்களைப் பற்றித்தான் அதிகம் புலம்புகிறார்கள்.

டிஸ்கோ டானி கதைக்கு நல்ல முடிவு உண்டு. 2020-ல் தன் கம்பெனியைத் திரும்ப வாங்கி மறுபடி தனி முதலாளி ஆனார்.

டிக்கெட் வாங்கியவர், முதலீட்டாளர் தவிர வேறு யாராவது பாதிக்கப்பட்டார்களா?

உண்டு, அவர்களைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. பாடல்களை வெளியிடும் சிறு நிறுவனங்களான இசை லேபிள்கள். 2015 ஆகஸ்டில், எஸ்எஃப்எக்ஸை சில்லர்மேன் வாங்கும் பேச்சு குழம்பிக் கிடந்தபோது, பீட்போர்ட் தன் தளத்தில் பாடல் விற்ற லேபிள்களுக்குத் தர வேண்டிய பணம் தாமதமாகும் என்று கடிதம் அனுப்பியது. பிறகு எதிர்ப்பு எழுந்து பணம் வந்தது. ஆனாலும் யோசித்துப் பாருங்கள். வீட்டு அறையில் இருவர் சேர்ந்து நடத்தும் லேபிள். மூன்று மாதத்தில் சில நூறு பாடல் விற்றிருக்கும். அந்தப் பணத்தில்தான் அடுத்த இசைத்தட்டு. அவர்கள் பங்குச் சந்தை பக்கமே போனதில்லை. அவர்கள் காசு, எங்கோ நடக்கும் பேரத்தில் மாட்டிக்கொண்டது. விழா, கடை, டிக்கெட் எல்லாவற்றையும் ஒரே கையில் சேர்ப்பதன் ஆபத்து இதுதான். ஒரு பக்கம் தீப்பிடித்தால் எல்லாப் பக்கமும் புகை.

லைவ் நேஷன் ஏன் விழவில்லை?

அவர்கள் வழி வேறு. 2013-ல் எலெக்ட்ரிக் டெய்சி கார்னிவலை நடத்தும் இன்சோம்னியாக் கம்பெனியில் பாதியை மட்டும் வாங்கினார்கள். விலை சுமார் 5 கோடி டாலர் என்று அப்போது செய்திகள் வந்தன. நிறுவனர் பாஸ்குவாலே ரொட்டெல்லா பாதியை வைத்துக்கொண்டு விழாவைத் தன் இஷ்டப்படி நடத்துகிறார். அவருக்கே பாதி சொந்தம் என்பதால் வெறும் சம்பளக்காரர் மாதிரி வேலை பார்க்க வேண்டியதில்லை. என் பார்வையில் இதுவரை நடந்தவற்றில் புத்திசாலித்தனமான ஒப்பந்தம் அதுதான்.

அதைவிடப் பெரிய காரணம், 2010-ல் டிக்கெட்மாஸ்டருடன் இணைந்ததிலிருந்து லைவ் நேஷனுக்கு டிக்கெட் விற்பனையிலும் விளம்பர ஆதரவிலும் நல்ல வருமானம் இருக்கிறது. கச்சேரிப் பிரிவில் லாப விகிதம் மிகக் குறைவு. அதை மற்ற இரண்டு பிரிவுகளும் தாங்குகின்றன. எஸ்எஃப்எக்ஸுக்கு அப்படித் தாங்க எதுவும் இல்லை. இந்தப் பலத்தையே ஏகபோகம் என்று சொல்லி, 2024 மே மாதம் அமெரிக்க நீதித்துறை பல மாநிலங்களோடு சேர்ந்து லைவ் நேஷன் மேல் வழக்குத் தொடுத்தது.

எல்லாம் சுமுகமாகவும் இல்லை. ஹார்ட் ஈவென்ட்ஸை உருவாக்கிய கேரி ரிச்சர்ட்ஸ் 2017-ல் வெளியேறி, எஸ்எஃப்எக்ஸின் வாரிசான லைவ்ஸ்டைலில் போய்ச் சேர்ந்தார். அவர் பெற்று வளர்த்த விழா லைவ் நேஷன் பக்கமே தங்கிவிட்டது.

பிரைவேட் ஈக்விட்டி என்கிறார்களே, அது என்ன?

ஓய்வூதிய நிதி, பெரும் பணக்காரர்கள் போன்றவர்களின் பணத்தைத் திரட்டி, கம்பெனிகளை வாங்கி, சில வருடம் வளர்த்து, அதிக விலைக்கு விற்கும் முதலீட்டு நிறுவனங்கள். அவர்கள் கணக்கின் மையம் எளிது. வருடம் 20 லட்சம் லாபம் தரும் சிறு விழாவை ஐந்து மடங்கு விலையில், 1 கோடிக்கு வாங்கலாம் என்று வைத்துக்கொள்வோம். அப்படிப் பத்து வாங்கினால் 10 கோடி செலவு, 2 கோடி லாபம். இப்போது அது பெரிய கம்பெனி. பெரிய கம்பெனிக்கு லாபத்தைப் போலப் பத்து மடங்கு விலை கேட்கலாம். 20 கோடி. எந்த விழாவிலும் ஒரு டிக்கெட் கூடக் கூடுதலாக விற்காமலே பணம் இரட்டிப்பு. நடுவில் கடனும் வாங்கிச் செய்தால் இன்னும் அதிகம்.

க்ரீம்ஃபீல்ட்ஸைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஜேம்ஸ் பார்ட்டன், லைவ் நேஷனில் மின்னணு இசைப் பிரிவுக்குத் தலைமை வகித்துவிட்டு, பிராவிடன்ஸ் ஈக்விட்டி என்ற நிதி நிறுவனத்தின் துணையோடு 2017-ல் சூப்பர்ஸ்ட்ரக்ட் தொடங்கினார். பார்சிலோனாவின் சோனார், எல்ரோ, புடாபெஸ்டின் சிகெட் என்று வாங்கிக்கொண்டே போனார். எஸ்எஃப்எக்ஸ் கையிலிருந்து லைவ்ஸ்டைலுக்கு, அங்கிருந்து ஆக்சர் என்ற முதலீட்டு நிறுவனத்துக்கு என்று கைமாறிய ஐடி அண்ட் டி, 2021-ல் சூப்பர்ஸ்ட்ரக்ட்டிடம் வந்தது. 2024 ஜூனில் கேகேஆர் என்ற அமெரிக்க பிரைவேட் ஈக்விட்டி நிறுவனம், 80-க்கு மேற்பட்ட விழாக்கள் கொண்ட சூப்பர்ஸ்ட்ரக்ட்டையே சுமார் 130 கோடி யூரோவுக்கு வாங்கியது. பிறகு சிவிசி என்ற இன்னொரு நிதி நிறுவனமும் பங்காளியாகச் சேர்ந்தது.

மிஸ்டரிலேண்ட் 1993-ல் தொடங்கியது. எஸ்எஃப்எக்ஸ் வாங்கியதிலிருந்து பத்துப் பன்னிரண்டு வருடத்துக்குள் நான்கைந்து மேல்முதலாளிகளைப் பார்த்துவிட்டது. அங்கே ஆடப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

2025-ல் டிஜேக்கள் விழாக்களைப் புறக்கணித்தது இதனால்தானா?

ஆமாம். கேகேஆரின் மற்ற முதலீடுகள் இஸ்ரேலோடும், இஸ்ரேல் ஆக்கிரமித்துள்ள பாலஸ்தீனப் பகுதிகளோடும் தொடர்புடையவை என்று சுட்டிக்காட்டி, கலைஞர்கள் பலர் லண்டனின் ஃபீல்ட் டேயிலிருந்தும் பார்சிலோனாவின் சோனாரிலிருந்தும் விலகினார்கள். அந்த வருடம் ஜனவரியில்தான் சூப்பர்ஸ்ட்ரக்ட் கைக்குப் போயிருந்த, டிஜே நிகழ்ச்சிகளை இணையத்தில் ஒளிபரப்பும் பாய்லர் ரூமும் இதில் சிக்கியது. விழா நடத்தும் குழுக்கள் தங்கள் நிலையை விளக்கி அறிக்கை விட்டன. மேலிருக்கும் முதலாளியை மாற்றும் அதிகாரம் தங்களிடம் இல்லை என்பது அவர்கள் தரப்பு.

எனக்கு இரு பக்கமும் புரிகிறது. பல வருடம் உழைத்த அந்தக் குழுக்களிடம் யாரும் கேட்டு முதலாளியை மாற்றவில்லை. ஆனால் கலைஞர் தன் பெயரை யாருக்குக் கடன் கொடுப்பது என்று முடிவு செய்வது அவர் உரிமை. ஒதுக்குப்புறமானவர்கள், கறுப்பினத்தவர், தன்பாலின ஈர்ப்பாளர்கள் சேர்ந்து உண்டாக்கிய இசை இது. அதன் மேடைக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று கேட்பது அந்த மரபுக்கு வெளியே உள்ள விஷயமில்லை.

வாங்கப்பட்ட பின் ரசிகருக்கு என்ன மாறும்?

முதல் வருடம் பெரும்பாலும் ஒன்றும் மாறாது. இரண்டாம் வருடத்தில் விஐபி மேடை பெரிதாகும், டிக்கெட்டில் கட்டணங்கள் தனித்தனியாக முளைக்கும், குடிபானக் கடைகளில் ஒரே கம்பெனிச் சரக்கு இருக்கும். லைன்அப்பில், அதாவது வாசிக்க வருபவர்கள் பட்டியலில், மற்ற விழாக்களில் பார்த்த பெயர்களே வரும், ஏனென்றால் ஒரே மேசையில் உட்கார்ந்து எல்லா விழாக்களுக்கும் ஆள் பிடிப்பார்கள். டிஜே ஒப்பந்தங்களில் சுற்றுவட்டார நிபந்தனை ஒன்று உண்டு: எங்கள் விழாவுக்கு முன்னும் பின்னும் இத்தனை வாரம், இத்தனை மைலுக்குள் வேறெங்கும் வாசிக்கக் கூடாது. பெரிய கம்பெனி இதைக் கடுமையாக்கினால் பக்கத்துச் சிறு கிளப்புகள்தான் காய்ந்து போகும். ரசிகர் கண்ணுக்கு இது படவே படாது. ஆனால் நாளைய டிஜேக்கள் பழகி வருவது அந்தச் சிறு கிளப்புகளில்தான் என்பதால் எனக்கு இதுதான் பெரிய கவலை.

அப்படியானால் வாங்குவது எல்லாமே கெடுதலா?

இல்லை. அவேக்கனிங்ஸ் இத்தனை கைமாறியும் டெக்னோ இசையின் தரத்தை விடவில்லை. பெரிய கம்பெனியால் ஒரு வருட நஷ்டத்தைத் தாங்க முடியும். 2020-ல் கொரோனா வந்து விழாக்கள் எல்லாம் நின்றபோது, பின்னால் பணம் இருந்தவர்களுக்கு மூச்சு விட முடிந்தது. மருத்துவம், தண்ணீர், கூட்டக் கட்டுப்பாடு பற்றிய அனுபவமும் ஒரு விழாவிலிருந்து இன்னொன்றுக்குப் போகிறது. உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் இதை நான் சாதாரணமாக நினைக்கவில்லை.

சிறியவர் வாங்கினால் நல்லது என்றும் சொல்ல முடியாது. எலெக்ட்ரிக் ஸூவை 2022-ல் வாங்கியது, புரூக்ளின் மிராஜ் அரங்கை நடத்திய அவான்ட் கார்ட்னர் என்ற உள்ளூர் கம்பெனி. 2023 விழாவில் மேடை வேலை முடியவில்லை என்று முதல் நாள் ரத்தானது. மூன்றாம் நாள் கூட்டம் அளவு மீறி, டிக்கெட் வைத்திருந்தவர்களையே வாசலில் திருப்பி அனுப்பினார்கள். அந்தக் கம்பெனி 2025 ஆகஸ்டில் திவால் மனு போட்டது.

விற்காமல் நிற்பவர்கள் இருக்கிறார்களா?

இருக்கிறார்கள். 1999-ல் மயாமியில் தொடங்கிய அல்ட்ரா இந்த அலையில் விலை போகாமல் நின்றது. 2005-ல் பெல்ஜியத்தின் பூம் நகரில் டுமாரோலேண்டைத் தொடங்கிய பீர்ஸ் சகோதரர்களே இன்றும் அதை நடத்துகிறார்கள். அமெரிக்கக் கிளை சேற்றில் முடிந்தாலும் தாய் விழா வளர்ந்துகொண்டே இருக்கிறது. ஜெர்மனியின் லார்ஸ் கிராமத்தில், பழைய சோவியத் ராணுவ விமானத்தளத்தில் நடக்கும் ஃப்யூஷன் இன்னும் வேறு மாதிரி. அதை நடத்துவது ஒரு சங்கம். ஸ்பான்சர் பலகைகளே கிடையாது. விற்பதற்குப் பங்கும் இல்லை என்பதால் வாங்க வருபவருக்கு வேலையும் இல்லை.

நான் போகும் விழா யாருடையது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

சுவரொட்டியில் தேடாதீர்கள், அங்கே இருக்காது. விழாவின் இணையப் பக்கத்தில் அடியில் சிறு எழுத்தில் இருக்கும் விதிமுறைகளையும் தனியுரிமைக் கொள்கையையும் திறந்து பாருங்கள். உங்கள் தகவலை யாரோடு பகிர்ந்துகொள்வோம் என்று சொல்லும் பத்தியில் தாய்க் கம்பெனியின் பெயர் பெரும்பாலும் வந்துவிடும். டிக்கெட் ரசீதில் பணம் யார் பெயருக்குப் போகிறது என்று பாருங்கள். பிரிட்டனில் கம்பெனிப் பதிவேட்டை யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். இயக்குநர்கள் யார், எந்த வருடம் மாறினார்கள் என்பது அதில் இருக்கும்.

அப்படியே அதே விதிமுறைகளில், விழா ரத்தானால் பணம் எத்தனை நாளில் திரும்பும், ஒரு நாள் மட்டும் ரத்தானால் என்ன என்ற வரிகளையும் படித்துவிடுங்கள். டுமாரோவேர்ல்ட் சாலையோரத்தில் விடிய விடிய உட்கார்ந்திருந்தவர்கள் மறுநாள் காலையில் தேடியது அந்த வரிகளைத்தான்.